நெல்லைக்கு மெட்ரோ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலிக்கும் மெட்ரோ ரயில் வேண்டும் என்ற பேச்சு இங்கே அவ்வப்போது எழுகிறது. பாளையங்கோட்டையில் வரி கட்டுபவன் என்ற முறையில் அதை நான் எதிர்க்கிறேன். சென்னை மெட்ரோவின் 2-ஆம் கட்டம் 118.9 கி.மீ. நீளத்துக்கு 63,246 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் 5 லட்சம் பேரைக்கூட எட்டாத நம் மாநகராட்சி, அதில் கால் பங்கு செலவாகும் தடத்தைக்கூட நிரப்புமா? தாமிரபரணியில் 1843-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கட்டத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்த சுலோசன முதலியாரைப் பற்றிப் பெருமை பேசும் ஊர் இது. பொதுப் பணம் என்றால் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாமா?

மாலை ஐந்து மணிக்கு வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நின்றால், புத்தகப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு படியில் தொற்றும் மாணவர்களையும், அடுத்த பேருந்தாவது நிற்குமா என்று கூடையோடு ஒதுங்கி நிற்கும் பெண்களையும் காணலாம். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் பேருந்துகள்தான்.

ரயில்தான் வேண்டுமென்றால், டவுன், பேட்டை, சேரன்மகாதேவி வழியாகத் தென்காசிக்கும், பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் வழியாகத் திருச்செந்தூருக்கும் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் சிக்கலை முதலில் தீர்த்து, அலுவலக நேரங்களில் குறுகிய தூர ரயில்களையும் நிலையங்களுக்கு இணைப்புப் பேருந்துகளையும் விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை