நாய்க்குட்டிக்கு முதல் ஊசி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெறிநாய்க்கடி பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால் குட்டிகளை மூன்று நான்கு நாளில் கொண்டுபோகும் பார்வோ நோயைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை.

போன ஐப்பசியில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கினோம். வயது நாற்பது நாள், "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார் விற்றவர். அட்டை கேட்க எனக்குத் தோன்றவில்லை. பேத்தி அதற்குச் செவலை என்று பேர் வைத்தாள். மூன்றாம் நாளே தெருப் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போய்வந்தது. ஒன்பதாம் நாள் காலை சோற்றைத் தொடவில்லை. வாந்தி, மாலைக்குள் ரத்தக் கழிச்சல். அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து ஒரு நாளைப் போக்கிவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்கடுத்த விடியலில் என் மடியிலேயே உயிர் போய்விட்டது.

மருத்துவர் பிறகுதான் விளக்கினார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரம் குட்டியைக் காக்கும். அதுவே சீக்கிரம் போடும் ஊசியை வேலை செய்யவிடாமலும் தடுக்கும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை திரும்பப் போடுகிறார்கள். பல நோய்க்கும் சேர்த்துப் போடும் இந்தக் கூட்டு ஊசி, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு நாய் வைரஸ் நோயையும் தடுக்கும். எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் பரவி மனிதரையும் தொற்றும் எலிக்காய்ச்சலுக்கும் அதிலேயே சேர்த்துப் போடலாம். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில் தனியாக.

வீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். பினாயிலுக்குப் பார்வோ கிருமி சாகாதாம். தரைக்கு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டுமாம். மண்ணில் அது மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால் வேறு குட்டி கொண்டுவர மனம் வரவில்லை.

ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று கால்நடை மருந்தகங்களில் வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். நல்ல காரியம். அந்த வரிசையில் குட்டியோடு நிற்பவர்களுக்குக் கூட்டு ஊசியையும் போட்டு, அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். நாங்கள் போன இடத்தில் அதை வெளியில்தான் வாங்கிவரச் சொன்னார்கள். கூலி வேலை செய்பவர் மூன்று முறை எப்படி வாங்குவார்? குட்டி வாங்குகிறவர்களும், மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் தேதியும் உள்ள அட்டையைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பத்து மாதம் கழித்து இப்போது கன்னி இன நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. அட்டையில் இரண்டு ஸ்டிக்கர் ஏறியிருக்கிறது. மூன்றாவது ஏறும்வரை பேத்தி அதை வாசல் தாண்ட விடுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
தூத்துக்குடி மாவட்டம்