நிக்கோவுக்குத் தெரியாத கணக்கு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் பொடி எழுத்தைக்கூட வாசித்து எல்லாருக்கும் செய்தி சொல்கிறார். யாழினி ஒன்றாம் வகுப்பு போகிறாள். முதல் நாள் அழுதாள், மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறாள். மஸ்கட்டில் உனக்கு இன்னும் நைட் ஷிப்ட்தானா? உடம்பைப் பார்த்துக்கொள் மாப்ள.

நீ ஜிடிஏ 4 வீடியோ கேமை முடித்த சங்கதிதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நீ அதைப் பற்றி எழுதியதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. 'புல்காரின்னு ஒருத்தனைக் காட்டி மிரட்டினாங்க, கடைசியில அவனையே மறந்துட்டாங்க. டார்க்கோ கதையும் மத்த கதையோட ஒட்டல' என்று எழுதியிருந்தாய். அந்த ரஷ்யக் கடத்தல்காரனை மறக்கவில்லை மாப்ள. கதாநாயகன் நிக்கோ பழிதீர்க்கத் தேடும் டார்க்கோவும் ஒட்டாமல் இல்லை. நீ விளையாடியது கதையில் ஒரு பங்குதான். 2008 ஏப்ரலில் நீ விளையாடிய நிக்கோவின் கதை வந்தது. 2009 பிப்ரவரியில் 'தி லாஸ்ட் அண்ட் டாம்ன்ட்', அதே வருஷம் அக்டோபரில் 'தி பாலட் ஆஃப் கே டோனி'. மூன்றும் லிபர்ட்டி சிட்டி என்ற அதே கற்பனை நகரத்தில், ஏறத்தாழ அதே நாட்களில் நடப்பவை. ஒன்றில் தெருவோரமாய்க் கடந்துபோகிறவன் இன்னொன்றில் கதாநாயகன். மற்ற இரண்டையும் விளையாட உனக்கு நேரமில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதனால் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன்.

ஜானி கிளெபிட்ஸை ஞாபகம் இருக்கிறதா? போதைமருந்து விற்கும் எலிசபெட்டா ஏற்பாடு செய்த ஹெராயின் பேரத்துக்கு நிக்கோவோடு வந்த பைக்காரன். பிறகு மியூசியத்தில் வைரம் விற்கப் போகும்போதும் கூட வந்தவன். உனக்கு அவன் துணைப் பாத்திரம். இரண்டாவது கதையில் நீதான் ஜானி. 'தி லாஸ்ட்' என்ற பைக் கும்பலின் இரண்டாம் தலைவன். தலைவன் பில்லி கிரே கோர்ட் உத்தரவுப்படி போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது கும்பலை ஒழுங்காகக் கட்டிக் காத்தவன்.

ஆரம்பத்தில் ரஷ்ய மாஃபியாத் தலைவன் ஃபாஸ்டினுக்காக நிக்கோ ஒரு பையனைக் கொல்கிறானே, நீ மறந்திருப்பாய். ஃபாஸ்டின் மகள் அன்னாவோடு சுற்றிக்கொண்டிருந்த ஜேசன். அப்பனுக்குப் பிடிக்காத காதலன், அவ்வளவுதான் நமக்குச் சொல்லப்பட்ட காரணம். நிக்கோவும் சுட்டுவிட்டு, காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். அந்த ஜேசன் லாஸ்ட் கும்பலைச் சேர்ந்தவன். அவன் சாவை பில்லி எதிர்க்கும்பலின் தலையில் கட்டுகிறான். அந்தப் பழியைச் சாக்காக வைத்து ஏஞ்சல்ஸ் ஆஃப் டெத் கும்பலின் இடத்துக்குள் ஆட்களோடு புகுகிறான். ஜானிக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பில்லிக்கு ஜேசன் மேல் பாசமெல்லாம் கிடையாது, சண்டைக்கு ஒரு காரணம் வேண்டும். அங்கே கையில் சிக்குகிறது ஹெராயின். அது சீனக் கும்பலின் சரக்கு. அதிலிருந்து ஆரம்பிக்கிறது லாஸ்ட் கும்பலின் அழிவு. பில்லி ஜெயிலுக்குப் போகிறான், கும்பல் இரண்டாகப் பிளக்கிறது, நேற்றுவரை அண்ணன் தம்பியாய் இருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். நீயும் நானும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு மறந்துபோன ஒரு மிஷனிலிருந்து இவ்வளவும் கிளம்புகிறது. நிக்கோவுக்குக் கடைசிவரை இது தெரியாது.

நிக்கோவின் ஒன்றுவிட்ட அண்ணன் ரோமனைக் கடத்தி கிடங்கில் கட்டி வைத்திருப்பார்கள், நிக்கோ மாடி மாடியாகச் சுட்டுக்கொண்டு போய் மீட்பான். கடத்தச் சொன்னது ஃபாஸ்டினின் பழைய கூட்டாளி டிமிட்ரி என்று உனக்குத் தெரியும். கடத்தியது யார்? ஜானி. அவனுடைய பழைய காதலி ஆஷ்லி போதைக்கு அடிமை, ரஷ்யர்களிடம் பட்ட கடன் கழுத்தை நெரிக்கிறது. இந்த ஒரு வேலையைச் செய்தால் அவளை விட்டுவிடுவார்கள். ஜானிக்கு ரோமன் யாரென்றே தெரியாது. அவன் ஒரு முகம், ஒரு முகவரி. இரண்டாவது கதையில் அந்தக் கடத்தலை நம் கையாலேயே செய்கிறோம். ரோமன் கத்திக் கதறுவதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டும்போது எனக்கு வயிறு கலங்கியது. நிக்கோவாக இருந்தபோது எவன் செய்தான் என்று பல்லைக் கடித்தேனோ, அவன் இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் மியூசியம். நிக்கோவும் ஜானியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நிக்கோ, ஜானி கும்பலின் ஜேசனைக் கொன்றவன். ஜானி, நிக்கோவின் அண்ணனைக் கடத்தியவன். இரண்டு பேருக்கும் அது தெரியாது. அங்கே கலவரமானதும் ஜானி பணத்தோடு தப்பிவிடுகிறான். வைரத்தை விற்க அனுப்பிய மாஃபியாக்காரன் ரே பொச்சினோவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சப்வே பக்கம் இரண்டு பைக்காரர்களைத் துரத்திக் கொல்லச் சொல்லி நிக்கோவை அனுப்புகிறான். நீயும் துரத்தியிருப்பாய். அதில் ஒருவன் ஜிம் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஜானியின் உயிர்த்தோழன், அந்தக் கும்பலிலேயே மனசாட்சியுள்ள ஒரே ஆள் என்று சொல்வேன். நிக்கோ கதையில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. இரண்டாவது கதையில் எத்தனையோ ராத்திரி அவனோடு வண்டி ஓட்டியாயிற்று. பிறகு ஒரு நாள் அவன் செத்துவிட்டான் என்று தகவல் வருகிறது. எவன் கொன்றான் என்று ஜானிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் கொன்றேன். இப்படி ஒரு கதை சொல்லும் முறையை வேறெந்த ஊடகத்திலும் நான் பார்த்ததில்லை. படத்தில் நாம் பார்க்கிறவர்கள். இங்கே கொன்றதும் நாம், இழவு காத்ததும் நாம்.

(2013-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஜானியை ட்ரெவர் காலால் மிதித்தே கொன்றுவிடுகிறான். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கும் அந்த முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.)

வைரங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பக் காட்சியில் பிளாட்டிபஸ் கப்பலில் ஒருவன் மாவு பிசைந்துகொண்டிருப்பான். அந்த மாவுக்குள் மின்னுவதுதான் வைரம். நிக்கோ ஊருக்குள் கால் வைக்கும் அதே கப்பலில், அவனுக்குத் தெரியாமல், மூன்று கதைக்கும் உரிய சரடும் வந்து இறங்குகிறது. வைரம் புல்காரினுடையது, திருடி விற்பவன் அந்தச் சமையல்காரன். இரவு விடுதி நடத்தும் டோனி பிரின்ஸ் இருபது லட்சம் டாலருக்கு வாங்க வருகிறான். ஜானி குறுக்கே பாய்ந்து டோனியின் காதலன் ஈவனைக் கொன்று பறித்துக்கொள்கிறான். அது குப்பைப் பையில் மறைக்கப்பட்டு, குப்பை வண்டியில் நிக்கோவிடம் வருகிறது. மியூசியத்தில் டோனியின் ஆளும் மூன்றாவது கதையின் நாயகனுமான லூயிஸ் லோபஸ் திருப்பிப் பிடுங்குகிறான். பிறகு ஒரு மாஃபியாத் தலைவனின் மகள் கிரேசியைக் கடத்தி, அவளுக்கு ஈடாக வைரத்தைக் கேட்கிறார்கள் நிக்கோவும் அவன் கூட்டாளி பேக்கியும். கைமாற்றும் நேரத்தில் புல்காரின் வந்து நிற்கிறான். எதற்கு வந்தான் என்று நீ குழம்பியது அந்த இடத்தில்தான். தன் சொத்தைத் தேடி வந்திருக்கிறான். வைரம் போய் விழுந்தது கீழே ஓடிக்கொண்டிருந்த ஒரு லாரியில். அவ்வளவு பேர் செத்தும் ஒருவனுக்கும் அது மிஞ்சவில்லை. மூன்றாவது கதையின் முடிவில், வீடில்லாமல் தெருவில் கிடக்கும் ஜெர்ரி என்ற மனிதர் குப்பைக்குள்ளிருந்து அதை எடுக்கிறார். புல்காரினை லூயிஸ் விமானத்தில் வைத்து முடிக்கிறான். தன்னைக் கொல்லத் துடித்தவன் செத்த சேதியை நிக்கோவுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

லூயிஸை நீ முன்பே பார்த்திருக்கிறாய். பேங்க் கொள்ளை மிஷனில் எல்லாரும் தரையில் குப்புறக் கிடப்பார்கள். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, வீரம் காட்டப்போகிறேன் என்று ஒருவன் முணுமுணுப்பான். பக்கத்தில் கிடப்பவன் வேண்டாம் என்பான். அவன் கேட்காமல் எழுந்து சுட்டு, நிக்கோவோடு கொள்ளைக்கு வந்த மைக்கேல் சாகிறான். வேண்டாம் என்றவன்தான் லூயிஸ். மூன்றாவது கதை அந்தத் தரையிலிருந்தே தொடங்குகிறது.

இனி நிக்கோவின் காதலி மிஷெல். அவள் உளவாளி என்று தெரிந்ததும் உனக்கு அதிர்ச்சி என்று எழுதியிருந்தாய். மறுபடி ஆரம்பத்திலிருந்து அவள் பேசுவதைக் கேள். நிக்கோ என்ன வேலை செய்கிறான், யாரோடு பழகுகிறான் என்று நைஸாகக் கேட்டுக்கொண்டே இருப்பாள். காதலி அக்கறையாகக் கேட்கிறாள் என்று நமக்குப் படும். ஆனால் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடைசியில் பேசும்போது குரலில் உண்மையான வருத்தம் இருக்கிறது.

டிமிட்ரியும் அப்படித்தான். முதலில் ஃபாஸ்டின் மிருகம், டிமிட்ரி நிதானமானவன் என்று நம்பவைக்கிறார்கள். ஃபாஸ்டின் கோபத்தில் இன்னொரு ரஷ்ய மாஃபியாத் தலைவன் பெட்ரோவிச்சின் மகன் லென்னியைக் கொல்லச் சொல்லி மாட்டிக்கொள்கிறான். அதைக் காட்டியே அவனைத் தீர்த்துக்கட்ட நிக்கோவை ஏவுகிறான் டிமிட்ரி. காரியம் முடிந்ததும் கூலி கேட்டு வந்தவனைப் புல்காரினிடம் கைகாட்டிவிடுகிறான். கோபப்படுகிறவனை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். டிமிட்ரிக்கு யார் மேலும் கோபமே கிடையாது, லாபம் மட்டும்தான். அதனால்தான் இவ்வளவு பேரில் அவனைத்தான் நான் உண்மையாக வெறுக்கிறேன். பழிவாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் அவன் சாவது அதே பிளாட்டிபஸ் கப்பலில், கவனித்தாயா?

டார்க்கோ ஒட்டவில்லை என்றாய் அல்லவா, அதற்கு வருகிறேன். என் பார்வையில் மேலே சொன்ன எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவதே அந்தக் காட்சிதான். முன்பு போரில் நிக்கோவின் படைப்பிரிவில் பதினைந்து பேர், பன்னிரண்டு பேர் செத்தார்கள். மிஞ்சிய மூவரில் ஒருவன் காட்டிக்கொடுத்தவன். அவனைத் தேடித்தான் இந்த ஊருக்கே வந்தான் நிக்கோ. மூவரில் ஒருவனான ஃப்ளோரியன், பெர்னி என்று பெயர் மாற்றி வேறு வாழ்க்கை வாழ்கிறான், துரோகி அவனில்லை. கடைசியில் நிக்கோவை வேலை வாங்கும் அரசு உளவு ஏஜென்சிக்காரன் புக்காரெஸ்டிலிருந்து டார்க்கோவைக் கொண்டுவந்து விமான நிலையத்தில் தள்ளுகிறான். பக்கத்தில் ரோமன். எதிரில், போதையில் உருக்குலைந்து, சாகக் காத்திருப்பவன்போல ஒருவன். என் நண்பர்களைக் கொடுக்க எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கிறான் நிக்கோ. ஆயிரம் டாலர். நிக்கோ கொதிக்கிறான். அப்போது டார்க்கோ திருப்பிக் கேட்கிறான்: ஒருவனைக் கொல்ல நீ எவ்வளவு வாங்குகிறாய்?

அந்த இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நிக்கோவிடம் பதில் இல்லை, ஏனென்றால் என்னிடமும் இல்லை. ஜேசனுக்கு எவ்வளவு, ஜிம்முக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் டார்க்கோவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? டார்க்கோவிடமாவது பணத்துக்கு அப்பால் ஒரு காரணம் இருந்தது. நிக்கோவின் ஆட்கள் தன் ஊரில் தன் அக்கம்பக்கத்தாரைக் கொன்றார்கள் என்கிறான். நிக்கோவிடம் ஜேசனைக் கொல்ல அந்தக் காரணம்கூடக் கிடையாது. ஜேசன் முகத்தைக்கூட அவன் சரியாகப் பார்க்கவில்லை. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. இரண்டாவது கதையை விளையாடிவிட்டு மறுபடி இந்தக் காட்சிக்கு வந்தால் தானாகவே நெஞ்சில் வந்து உட்காருகிறது.

நான் முதல் முறை டார்க்கோவைச் சுட்டேன். ஜானியின் கதை முடித்து மீண்டும் நிக்கோவைத் தொடங்கியபோது விட்டுவிட்டேன். விட்டதும் மனசு லேசானதா என்றால் இல்லை. ஆனால் சுட்டபோது நிக்கோ முகத்தில் இருந்த அந்த வெறுமையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ என்ன செய்தாய் என்று எழுதவே இல்லையே. அதையும், முடிவில் உன் ஆட்டத்தில் செத்தது ரோமனா, நிக்கோ விரும்பிய கேட் என்ற பெண்ணா என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது.

தீபாவளிக்கு லீவு கிடைத்தால் முன்கூட்டியே சொல். இரண்டு கதையும் என் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன், வந்தால் என் வீட்டிலேயே விளையாடலாம். அம்மா உனக்கு அதிரசம் சுட்டுத் தருவதாகச் சொல்லச் சொன்னாள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சரவணன்
மதுரை