இரட்டைப் பேத்திகளுக்குப் பெயர்

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இரட்டைப் பெண்கள், மூவரும் நலம் என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் ஏக சந்தோஷம்.

பெயர் யோசிக்கச் சொன்னாய். நைஜீரியாவில் வாத்தியாராக இருந்தவனிடம் கேட்டால் அங்குள்ள யொரூபா இனத்தார் கதைதான் வரும், பொறுத்துக்கொள். அங்கே இரட்டையர் பெயரோடேயே பிறப்பதாகச் சொல்வார்கள். ஆணோ பெண்ணோ, முதலில் வருவது தாயிவோ, அடுத்தது கெஹிந்தே. வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த கெஹிந்தேதான் மூத்தது! 'உலகம் எப்படி இருக்கு, ருசி பார்த்துச் சொல்லு' என்று தாயிவோவை முன்னால் அனுப்பிவிட்டு நிதானமாக வருமாம். இருவருக்கும் அடுத்துப் பிறப்பது இதோவு. வகுப்பில் வருகைப் பதிவேடு வாசித்தாலே பாதி வீட்டுக் கதை தெரிந்துவிடும். தாத்தா இறந்தபின் பிறந்த பையன் பாபாதுண்டே, அதாவது அப்பா திரும்பி வந்துவிட்டார். வழியில் பிறந்தால் அபியோனா. பிறந்து பிறந்து இறந்துபோன வீட்டில் அடுத்த குழந்தைக்கு மலோமோ, 'இனிமேல் போகாதே'. அதைக் கேட்டபோது நம் தெருக் குப்புசாமியும் பிச்சையும்தான் கண்முன் வந்தார்கள்.

சின்னவள் கொடி சுற்றிப் பிறந்ததால் தாய்மாமனுக்கு ஆகாது என்று சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பதாக எழுதியிருந்தாயே. யொரூபா வீட்டில் அப்படிப் பிறந்த பெண்ணுக்கு அய்னா, பையனுக்கு ஓஜோ என்று தனிப் பெயரே உண்டு. உன் மகனைத் தைரியமாகத் தொட்டில் வாங்கி வரச் சொல்.

வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குப் பேர் வைக்கணும் என்பது அவர்கள் பழமொழி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 'ஷ்' 'ஸ்ரீ' என்று எண்கணிதக்காரர் தரும் பட்டியல் எந்த வீட்டுக்கும் பொருந்தும், அதனால் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. உன் அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஒருத்திக்குக் கோமதி என்று வையேன். நட்சத்திர எழுத்து வரவில்லை என்று மாப்பிள்ளை இழுத்தால், அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் மூன்று தடவை சொல்லிவிட்டுச் சான்றிதழில் கோமதியைப் போடுங்கள். பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதனால் அவசரப்படாதே.

இன்னொருத்திக்கு உன் சம்சாரத்தைக் கேள். நாம் இருவரும் பேசியே முடிவு செய்தால் அப்புறம் உனக்குச் சோறு கிடைக்காது.

அன்புடன்,
ரங்கன்