தூணுக்குள் செங்கல்

விசென்சா, இத்தாலி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மகள் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. இதை அவளுக்கும் வாசித்துக் காட்டு.

போன ஞாயிறு இங்கே ஒரு நண்பரோடு விலைக்கு வந்திருக்கும் பழைய வில்லா ஒன்றைப் பார்க்கப் போனேன். பதினாறாம் நூற்றாண்டில் இந்த ஊர்ப்பக்கம் வில்லாக்கள் கட்டிய பெரிய கட்டடக்கலைஞர் பல்லாடியோ கட்டியதல்ல, அவர் வழியில் பிற்பாடு வந்தவர்கள் கட்டியது. முகப்பில் ஆறு தூண், மேலே முக்கோண முகடு. ஒரு தூணின் அடியில் பூச்சு உதிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே கல்லே இல்லை, வளைவாகச் சுட்ட செங்கல்! மேலே பூசியிருப்பது சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும். அதை மார்மொரினோ என்கிறார்கள். உதிராத இடத்தில் கை வைத்தேன், வழுவழுவென்று சில்லென்றிருந்தது.

பல்லாடியோ மாவு மில்காரர் மகன். 1508-இல் பதுவாவில் பிறந்து, சிறுவயதிலேயே கல்தச்சு வேலைக்குப் போனவர். அவர் கட்டிய வில்லாக்களைப் பார்ப்பவர்கள் அரண்மனை என்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை பண்ணை வீடுகள்! 1498-இல் வாஸ்கோ ட காமா கடல்வழி கண்டு கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, மிளகு வாணிபத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று வெனிஸ் பிரபுக்களுக்குப் புரிந்தது. நிலத்தில் பணத்தைப் போட்டார்கள். அதனால்தான் வீட்டின் இருபுறமும் சிறகு விரித்தாற்போல் 'பார்கெஸ்ஸா': தொழுவம், வண்டிக் கொட்டகை எல்லாம் அதற்குள்ளே. தானியம் வீட்டு மச்சில்.

இப்போது அந்தச் சிறகைத்தான் வெட்டுகிறார்கள், சேகர். தனியாகப் பிரித்து, குடியிருப்புகளாக்கி விற்றுவிடுகிறார்கள். நாங்கள் பார்த்த வீட்டிலும் ஒரு பக்கம் அப்படிப் போய்விட்டது. நெஞ்சு வலித்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் கைமாறினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் அரசே அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஒழுகும் கூரையைச் சட்டமா மாற்றும்? பல்லாடியோ கட்டிய வில்லா சரசேனோவை 1989-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் பிரிட்டனின் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வாங்கி, பழுதுபார்த்து, தங்குபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அப்படி ஆள் குடியிருந்தால்தான் சுவர் நிற்கும்.

நண்பர் வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த வாரம் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போகிறோம். அவர் சொல்வதை எழுதுகிறேன். உன் கண் ஆபரேஷன் எந்தத் தேதி? கட்டு பிரித்ததும் எழுது.

அன்புடன்,
ரகு