லினக்ஸ் பரவுறது சிஸ்டம் சர்வீஸ் பண்றவங்க கையிலதான் இருக்கு

அன்புள்ள கவிதா,

லெட்டர் கிடைச்சுதுடி. உடனே பதில் போடணும்னுதான் நெனச்சேன், கடையில ஆன்லைன் அப்ளிகேஷன் வேலை குவிஞ்சு போச்சு. அத்தைக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப பேப்பர் படிக்கிற அளவுக்கு தேறிட்டாங்க, சின்னவ பத்தாவது, வீடே டியூஷன் டைம்டேபிள்லதான் ஓடுது. ஏற்காட்டுல காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிச்சாச்சு, போன வாரம் நாகலூர் போயிட்டு வந்தேன், அத வச்சு உனக்கு நிறைய சொல்லணும்.

உன் பையன் கேட்டானாமே, கேரளாவுல எங்க ஸ்கூல்ல எல்லா கம்ப்யூட்டரும் லினக்ஸ்தான், அப்புறம் ஏன் வெளிய ஒரு கடையிலயும் காணோம்னு. நல்ல கேள்வி. லினக்ஸும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்தான் (ஓஎஸ்), ஆனா இலவசம். 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சது, உலகத்துல ஏகப்பட்ட சர்வர், எல்லா ஆண்ட்ராய்டு போனும் அதோட கர்னல்லதான், அதாவது அதோட மையப் பகுதிலதான் ஓடுது, ஆனா மேசை மேல இருக்கிற கம்ப்யூட்டர்னு வந்தா எந்த ஓஎஸ்ஸ எத்தன பேர் வச்சிருக்காங்கன்னு பாக்கிற ஸ்டேட்கவுண்டர் கணக்குல 4 சதவீதத்த தொடறதுக்கே 2024 பிப்ரவரி வரைக்கும் ஆச்சு. இந்தியாவுல அதவிட அதிகமாதான் காட்றாங்க, ஆனா இங்க சேலத்துல செவ்வாய்ப்பேட்டை, நாலு ரோடு பக்கம் கடை கடையா ஏறி இறங்கினாலும் அது கண்ணுல படாது.

இப்ப பாரு, 2025 அக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது. எங்க கடைக்கு வர்றவங்கள்ல எத்தன பேரு ஆறாவது ஜெனரேஷன், ஏழாவது ஜெனரேஷன் ஐ3 வச்சிருக்காங்க தெரியுமா, நல்லா ஓடுற மெஷின்டி, ஒரு குறையும் இல்ல, ஆனா விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி வசதி வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ வேணும்னு வெளிய தள்ளிட்டாங்க. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் தர்றாங்க, அதுக்கப்புறம் என்ன பண்றது? முப்பதாயிரம் குடுத்து புதுசு வாங்க எல்லாராலயும் முடியுமா? இந்த மாதிரி ஒரு நேரம் லினக்ஸுக்கு திரும்ப வராதுன்னு எனக்கு மனசார தோணுது.

நாகலூர்ல எங்க அத்தை பையன் எஸ்டேட்ல ரைட்டரா இருக்கான்ல, அவன் ஆபீஸ் லேப்டாப் 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க், ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம். அங்க போன் ஹாட்ஸ்பாட்தான் நெட், அதுவும் ஜன்னல் ஓரத்துல வச்சாதான் சிக்னல். விண்டோஸ் பாட்டுக்கு பின்னாடி அப்டேட் இறக்கி அன்னிக்கு டேட்டாவ முழுங்கிடும், மெயில் அனுப்ப முடியாது. ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி லினக்ஸ்லயே லினக்ஸ் மின்ட்ங்கிற வகை, அதுல லேசா ஓடுற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டு குடுத்தோம். ஆள் கணக்கு, யார் எத்தன கிலோ பறிச்சாங்கங்கிற கணக்கு எல்லாம் எக்செல் மாதிரியே இலவசமா இருக்கிற லிப்ரே ஆபீஸ் கால்க்ல போடறான். அப்டேட் அவன் எப்ப சொல்றானோ அப்பதான், சேலம் இறங்கி வரும்போது லேப்டாப்ப எடுத்துட்டு வந்து எங்க கடை வைஃபைல பண்ணிக்கிறான். முதலாளி அனுப்புற எக்செல் ஷீட்ல லதா ஃபான்ட் இல்லாம வேற தமிழ் எழுத்துல தெரிஞ்சுது, கட்டம் கொஞ்சம் அகலமா போச்சு, அவ்வளவுதான், கணக்கு ஒண்ணும் மாறல. தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ்ங்கிற டூல்ல தமிழ்99 இருக்கு, ஃபொனெட்டிக் இருக்கு, நாம இன்ஸ்டிட்யூட்ல லோயர் ஹையர்னு தட்டி தட்டி கத்துக்கிட்டோமே அந்த டைப்ரைட்டர் லேஅவுட்டே இருக்குடி! என் விரல் தானா போகுது.

ஆனா எங்க கடைல இருக்கிற நாலு சிஸ்டத்துல ஒண்ணுதான் லினக்ஸ். அதையும் உனக்கு சொல்லணும்ல. வானவில், பாமினின்னு பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைலோடதான் கஸ்டமர் வருவாங்க, கல்யாண பத்திரிகை எல்லாம் கோரல்டிராலதான். கொலுசு பட்டறைக்காரங்க கணக்கு டேலில, அது விண்டோஸுக்குன்னே எழுதினது. அவங்ககிட்ட போய் மாத்துங்கன்னு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, பொழப்பு கெடும். அப்புறம் அந்த சின்ன கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், எந்த ஜெராக்ஸ் கடைக்கு போனாலும் இருக்குமே அது. லினக்ஸ்ல கேபிள் மாட்டினா சிஸ்டம் கண்டுபிடிக்குது, பிரிண்ட் குடுத்தா க்யூல போய் நிக்குது, பேப்பர் வர மாட்டேங்குது. அந்த பிரிண்டர் தானா பக்கத்த தயார் பண்ணாது, கம்ப்யூட்டரே அந்த கம்பெனியோட சொந்த பாஷைல மாத்தி அனுப்பணும், கம்பெனி குடுத்த லினக்ஸ் டிரைவரோ ரொம்ப பழசு. அந்த பாஷைய வெளிய இருக்கிறவங்களே கண்டுபிடிச்சு தனியா ஒரு டிரைவர் எழுதி இலவசமா போட்டிருக்காங்க, தெரிஞ்ச ஆள் உக்காந்தா ஓட வச்சிடலாம். அந்த தெரிஞ்ச ஆளுக்குதான் ஊர்ல பஞ்சம்.

எனக்கு புரிஞ்சது இதுதான் கவிதா. எந்த ஓஎஸ் வேணும்னு ஜனங்க யோசிச்சு எடுக்கிறதே இல்ல. வாங்கும்போது என்ன இருந்துதோ அது, இல்லன்னா சர்வீஸ் பண்ற பையன் பென்டிரைவ்ல என்ன இருக்கோ அது. 2007ல ஆசஸ் ஈஈஈ பிசின்னு குட்டி லேப்டாப் லினக்ஸோட வந்துச்சே, ஜனங்க வாங்கத்தான் செஞ்சாங்க, உடனே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிய குறைஞ்ச விலைல இறக்கினதும் லினக்ஸ் கடையிலேர்ந்து காணாம போச்சு. நம்ம தமிழ்நாடு அரசு 2011ல குடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துலயே மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் பண்ணின பாஸ் லினக்ஸ் இருந்துது. பசங்க எங்க கடைப் பக்கம் எடுத்துட்டு வருவாங்க, "அக்கா அந்த இன்னொண்ண அழிச்சிட்டு டிரைவ் பெருசாக்கி குடுக்க சொல்லுங்க"ன்னு. அது என்னன்னு அவங்களுக்கு சொல்லிக் குடுக்க யாருமே இல்ல, சர்வீஸ் கடைலயும் யாருக்கும் தெரியாது.

உங்க கேரளாவுல மொதல்ல டீச்சர்ங்களுக்கு டிரெய்னிங், அவங்களுக்கு சொல்லிக் குடுக்க மாஸ்டர் டிரெய்னர், பாடப் புத்தகமே அந்த சாஃப்ட்வேர வச்சு, அரசோட கைட் நிறுவனமே உபுண்டுங்கிற லினக்ஸ வச்சு ஒரு ஓஎஸ் பண்ணி ஸ்கூலுக்கு குடுக்குது. ஏதாவது நின்னு போனா கேக்க ஆள் இருக்கு. அதான் அங்க நிக்குது. மேலிடத்து உத்தரவு மட்டும் போதாது, ஜெர்மனியில மியூனிக் நகராட்சி 2003ல முடிவு பண்ணி கிட்டத்தட்ட 15,000 கம்ப்யூட்டர மாத்திட்டு, 2017ல திரும்ப விண்டோஸுக்கே போறோம்னு ஓட்டு போட்டாங்க.

அதனால நான் கஸ்டமர்கிட்ட பேசுறத குறைச்சிட்டேன், சர்வீஸ் பசங்கள பிடிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைய சாத்திட்டு நாலு ரோட்டுப் பக்கத்து பசங்க வந்து உக்கார்றாங்க, தட்டு வடை செட் வாங்கி வச்சிடுவேன். பார்ட்டிஷன் பிரிக்கிறது, பழைய டேட்டா போகாம போடறது, பிரிண்டர் மாட்டறது, ஏதாவது கெட்டுப் போனா டைம்ஷிஃப்ட்ல முந்தின நிலைக்கு கொண்டு வர்றது, இதெல்லாம் கைல செஞ்சு பாக்கறாங்க. ஒரு பையன் கேட்டான், "ஓஎஸ் இலவசம்னா எனக்கு என்னக்கா மிஞ்சும்"னு. நியாயமான கேள்விதானே, அவன் வீட்டுல அடுப்பெரியணும். எஸ்எஸ்டி, ராம் விக்கிறதுல மிஞ்சும், போட்டு குடுக்கிற கூலி மிஞ்சும், திருட்டு விண்டோஸ் போட்டு வைரஸ் வந்து ஓசில திரும்ப போய் பாக்கற வேலை மிச்சம்னு கணக்கு போட்டு காட்டினேன். இப்ப அவன்தான் பிரிண்டர் விஷயத்துல எல்லாருக்கும் முன்னாடி நிக்கிறான்.

உன்கிட்ட ஒரு உதவி கேக்கணும். உன் பையனோட ஸ்கூல்ல அந்த டிரெய்னிங் குடுக்கிற டீச்சர் யாராவது பழக்கம்னா, அவங்க எந்த வரிசைல சொல்லிக் குடுக்கறாங்க, எதெதுல ஜனங்க திணறுவாங்கன்னு கேட்டு எழுது. மலையாளத்துல நோட்ஸ் இருந்தாலும் அனுப்பு, அண்ணாவ படிச்சு சொல்ல சொல்லி நான் தமிழ்ல அடிச்சுக்கிறேன். பொங்கலுக்கு வர்றேன்னியே, ஞாயித்துக்கிழமை சேர்ற மாதிரி டிக்கெட் போடு, பையனையும் கூட்டிட்டு வா, இந்த பசங்களுக்கு அவன் ரெண்டு விஷயம் காட்டட்டும். புது பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் போன் பண்ணு, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன்.

அன்புடன்,
உன் மல்லிகா