இசைக்குழுக்கள் பதிவுக்கு ஓடுமுன் யாப்பை எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் வேலை முடிந்த மாலைகளில் கூடிப் பாடும் சிறு இசைக்குழுக்கள் பல இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் ஆலயத்தில் பஜனை பாடுவோர், வாணி விழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் சேர்ந்திசை வழங்குவோர், தேவாலயப் பாடகர் குழாங்கள், பாடசாலையை விட்ட பிறகும் வயலினையும் மிருதங்கத்தையும் கைவிடாத இளைஞர்கள் என எட்டுப் பேர் முதல் பதினைந்து பேர் வரை கொண்ட குழுக்கள் இவை. "எங்கட குழுவையும் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிஞ்சால் என்ன?" என்ற கேள்வி இவர்களிடையே அடிக்கடி எழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எதற்காகப் பதிகிறோம் என்று தெரியாமல், குழுவின் விதிகளைச் சொல்லும் யாப்பையும் எழுதாமல் பதிவுக்கு இறங்கும் குழு, பாட்டுக்குச் செலவிட வேண்டிய மாலைகளைக் கடிதங்களுக்குச் செலவிட்டுக் களைத்துப் போகிறது.

குழப்பத்தில் பாதி வெளிநாட்டு உறவினரின் ஆலோசனையால் வருவது. அமெரிக்காவில் 501(சி)(3) என்ற வரிவிலக்கு அந்தஸ்தைப் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர் அத்தொகையைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். ஆண்டு வருமானம் 50,000 டொலருக்கு உட்பட்ட சிறு அமைப்புகளுக்கு 275 டொலர் கட்டணத்தில் சுருக்கமான விண்ணப்பமும் உண்டு. அங்கேயும் சாதாரணமாக ஆண்டுக்கு 5,000 டொலருக்கு மேல் வரவில்லாத குழு இதற்கு விண்ணப்பிக்கவே தேவையில்லை. பெற்ற பின் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டறிவித்தல் கொடுக்கத் தவறினால் அந்தஸ்து தானாகவே பறிபோய்விடும். ஆகவே அங்குள்ள உறவினர் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. இங்கே அதே பெயரில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

நம் நாட்டில் பதிவு வேறு, சட்ட ஆளுமை வேறு, வரிச்சலுகை வேறு. பிரதேச செயலகத்தில் பதிந்தால் குழுவுக்கு ஓர் இலக்கமும் சான்றிதழும் கிடைக்கும். அரச அலுவலகங்களும் வங்கியும் அதை மதிக்கும். ஆனால் அந்தச் சான்றிதழால் மட்டும் குழு சட்டத்தின் கண்ணில் தனி ஆளாகிவிடாது. தன் பெயரில் காணி எழுதுவதற்கு அது போதாது. வரிச்சலுகையோ இன்னும் தூரம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, நன்கொடையாளர் கழிவு கோரக்கூடிய அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனம் என்பது நோயாளரையும் வறியோரையும் இல்லங்களில் வைத்துப் பராமரிப்பதற்காக அமைந்தது. இசைக்குழு அதற்குள் வராது. "பதிஞ்சால் ஸ்பொன்சர் தாறவருக்கு வரி குறையும்" என்று கடை முதலாளிகளிடம் சொல்லி நிதி கேட்கும் குழுக்கள் தெரியாமலே பொய் சொல்கின்றன. குழுவின் சேமிப்புக்கு வரும் வட்டியிலும் 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம் வங்கியிலேயே பிடிக்கப்படுகிறது.

அப்படியானால் பதிவு எதற்கு? முதற்காரணம் பணம் வரும் வழி. விழா ஏற்பாட்டாளர் குறுக்குக் கோடிட்ட காசோலையைக் குழுவின் பெயரில் எழுதித் தருகிறார். குழுவின் பெயரில் கணக்கில்லை என்றால் அந்தக் காசோலை வெறும் கடதாசி. பெரும்பாலான குழுக்கள் பொருளாளரின் சொந்தக் கணக்கைக் கொடுத்துச் சமாளிக்கின்றன. இது இரண்டு விதத்தில் தவறு. மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2016இல் கொண்டுவந்த வாடிக்கையாளர் விதிகளின்படி, இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றின் நிர்வாகிகள் நன்கொடை சேகரிக்கத் தங்கள் தனிப்பட்ட கணக்கைப் பயன்படுத்த வங்கிகள் இடமளிக்கக்கூடாது. அடுத்தது, பொருளாளர் எதிர்பாராமல் இறந்துபோனால் அப்பணம் அவருடைய மரணசொத்தாகிவிடும். அதை மீட்க அவருடைய மனைவி மக்களிடம் போய் நிற்பது எவ்வளவு சங்கடம்!

குழுவின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி பொதுவாகக் கேட்பவை யாப்பு, கணக்குத் திறப்பதென்று தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கை, நிர்வாகிகளின் பட்டியல், ஒப்பமிடுவோரின் அடையாள அட்டைப் பிரதிகள், பதிவுச் சான்றிதழ். இதில் அதிகம் சிக்குவது பெயர். காசோலையில் 'இசை மன்றம்', கணக்கில் 'இசைக்குழு' என்றிருந்தால் திரும்பி வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து மாறினாலும் வங்கிக்கு ஐயம் வரும். ஆகவே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்பதை யாப்பின் முதல் வாசகத்திலேயே போட்டு, இறப்பர் முத்திரையையும் கடிதத் தலைப்பையும் அதன்படியே செய்விக்க வேண்டும்.

பதிவுக்கு முன் ஒவ்வொரு குழுவும் மனம் திறந்து பேச வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கச்சேரிக்குக் கிடைக்கும் பணத்தை என்ன செய்கிறீர்கள்? இலாப நோக்கற்றது என்றால் வருமானமே வரக்கூடாது என்பதில்லை. செலவு போக மிஞ்சுவதை அங்கத்தவர் தமக்குள் பங்கிடக்கூடாது என்பதே அதன் பொருள். வெளியிலிருந்து அழைத்த தபேலாக் கலைஞருக்குச் சன்மானம், வேன் கூலி, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் பற்றுச்சீட்டோடு கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கையில் வந்ததைப் பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்ளும் குழு தொழில்முறைக் குழு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலைஞனும் சாப்பிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்துகொள்வதுதான் நேர்மையும் வசதியும். இலாப நோக்கற்ற யாப்பை எழுதிவைத்துவிட்டுப் பங்கு பிரித்தால், முதல் மனக்கசப்பிலேயே யாராவது ஒருவர் யாப்பைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போவார்.

இரண்டாவது காரணம் வாத்தியங்கள். என் பார்வையில் இதுவே பணத்தைவிடப் பெரியது. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் குழுவுக்கென்று ஒரு மிருதங்கம் வாங்கித் தருகிறார். பலாக் கட்டை பல்லாண்டு நிற்கும். அதன் முகத்தை மூடும் தோலான மூட்டு அப்படியல்ல, வாசிக்க வாசிக்கத் தேயும், கடற்காற்றின் ஈரத்துக்குத் தோல் தளரும், தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சான சாதம் பெயரும். வாசிப்பவர் தன் கைக்காசில் வலப்பக்கத்து வலந்தலை மூட்டை மாற்றுகிறார், பிறகு இடப்பக்கத்துத் தொப்பியை, பிறகு இரண்டையும் இழுத்துக் கட்டும் வாரை. சில ஆண்டுகளில் நன்கொடையாளர் தந்ததில் மிஞ்சியிருப்பது கட்டை மட்டுமே. வாசிப்பவர் குழுவை விட்டு விலகும்போது "இது என்ர மிருதங்கம்" என்கிறார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல குழுக்கள் பல பாட்டில் அல்ல, இந்த இடத்தில்தான் உடைகின்றன.

இதற்கு மருந்து பொருட்பதிவேடு. சாதாரணப் பயிற்சிக் கொப்பி போதும். பொருள், அடையாளக் குறி, வந்த திகதி, விலை, வாங்கியதா நன்கொடையா, நன்கொடையானால் யாரிடமிருந்து, இப்போது யாரிடம், பெற்றவர் ஒப்பம் என்று எட்டு நிரல்கள். திருத்தச் செலவுக்கு ஒரு தனிப் பக்கம். மூட்டுச் செலவைக் குழு ஏற்பதா, வாசிப்பவர் ஏற்பதா, ஏற்றால் அத்தொகை அவருக்குத் திருப்பித் தரப்படுமா என்பதை யாப்பிலேயே எழுத வேண்டும். அங்கத்தவர் தம் சொந்த வயலினையோ கீபோர்டையோ பயிற்சி இடத்தில் விட்டுப் போவதுண்டு. அவை இந்தப் பதிவேட்டில் வரக்கூடாது. பின்பக்கத்தில் 'அங்கத்தவர் உடைமை' என்று தனியாகக் குறித்து அவருடைய ஒப்பத்தையும் வாங்க வேண்டும்.

யாப்பில் இன்னும் சில வாசகங்கள் உயிர்நாடியானவை. ஒப்பமிடுவோர் மூவர், அவர்களில் எவரேனும் இருவர் கையொப்பமிட்டால் செல்லும் என்று எழுதுங்கள். 'பொருளாளரும் மற்றொருவரும்' என்று எழுதினால், பொருளாளர் கட்டாருக்குப் போகும் நாளில் கணக்கு முடங்கும். மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது. கூட்டம் நடத்த வந்திருக்க வேண்டிய குறைந்த தொகையான நிறைவெண்ணை மூன்றில் இரண்டு என்று பெருமையாக வைக்க வேண்டாம். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் உயர்தரப் பரீட்சைக் காலத்தில் நான்கு பேர் வரமாட்டார்கள், இருவர் கொழும்பில் இருப்பார்கள். கூட்டமே நடத்த முடியாது. மூன்றில் ஒன்று அல்லது ஐவர் போதும். குழுவின் முகவரி பொருளாளரின் வீடானால், அவர் வீடு மாறும்போது வங்கிக் கடிதங்கள் எங்கோ போகும். பாடசாலை அல்லது ஆலய நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதத்தோடு அந்த முகவரியைப் பயன்படுத்துவது நல்லது. குழு கலைந்தால் எஞ்சிய பணமும் வாத்தியங்களும் அங்கத்தவருக்குப் போகாமல் இதே நோக்குள்ள வேறு மன்றத்துக்கோ பாடசாலைக்கோ போகும் என்ற வாசகமும் வேண்டும். அதில்லாத யாப்பை இலாப நோக்கற்றது என்று சொல்வதில் பொருளில்லை.

பதியும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு என்றதும் எல்லோரும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் வறியோர், நோயாளர், அநாதைகள், மாற்றுத்திறனாளிகள், அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு உதவும் அமைப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பாட்டுப் பாடுவதை அந்தச் சட்டைக்குள் நுழைக்க, செய்யாத சமூக சேவைகளை எல்லாம் நோக்கங்களில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு ஆண்டறிக்கையில் அச்சேவைகள் எங்கே என்று கேட்டால் பதிலில்லை. நகரிலும் உப்புவெளியிலும் உள்ள குழுக்கள் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரை முதலில் சந்தித்து, கலை மன்றமாகப் பதிவதற்கான வழியைக் கேட்பதே பொருத்தம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் குழுக்களுக்கு அந்தந்தப் பிரதேச செயலகம். கையில் கொண்டுபோக வேண்டியவை யாப்பின் பிரதிகள், ஆரம்பக் கூட்ட அறிக்கை, நிர்வாகிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு.

சான்றிதழ் வாங்கிய பிறகு என்ன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, நிர்வாக மாற்றத்தை அறிவித்தல் எல்லாம் தொடர்ந்து நடக்க வேண்டும். புதிய நிர்வாகம் தெரிவாகியும் செயலகத்தில் பழைய பட்டியலே கிடந்தால், வங்கி புதிய கையொப்பங்களை ஏற்கத் தயங்கும். பழைய செயலாளரோ ஊரில் இருக்கமாட்டார். பொதுக்கூட்டம் முடிந்து பதினான்கு நாட்களுக்குள் புதிய பட்டியல் இரண்டு இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும், காசேடும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் முத்திரையும் கைமாற வேண்டும் என்று யாப்பிலேயே காலவரையறை வையுங்கள்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ், கலை வளர்ச்சியை நோக்கமாகக் கொண்டு உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி, அதாவது அங்கத்தவரின் பொறுப்பு அவர்கள் உறுதியளித்த தொகையோடு முடியும் கம்பனி அமைக்கலாம். அது உண்மையான சட்ட ஆளுமை தரும். கூடவே கம்பனிச் செயலாளர், கணக்காய்வு, ஆண்டுத் திரட்டு என்று நிரந்தரச் செலவும் வரும். சொந்தக் கட்டடம், மாதச் சம்பளத்தில் ஆசிரியர்கள், தொடர்ச்சியான பெரிய வெளிநாட்டு நிதி இவற்றில் ஒன்றாவது இல்லாத குழுவுக்கு அது வேண்டாத சுமை.

எந்தப் பதிவும் நிகழ்ச்சிக்கான அனுமதிக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனியாக எடுக்க வேண்டும். நுழைவுச்சீட்டு விற்பதானால் உள்ளூராட்சி சபையின் களியாட்ட வரி பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

என் முடிபு இது. புதிதாகத் தொடங்கிய குழு முதல் ஆண்டில் பதிவை நாட வேண்டாம். யாப்பை எழுதட்டும், கூட்டறிக்கைப் புத்தகம், காசேடு, பொருட்பதிவேடு மூன்றையும் ஓராண்டு ஒழுங்காக எழுதட்டும், ஒரு பொதுக்கூட்டமாவது நடத்தி நிர்வாகத்தைத் தெரிவு செய்யட்டும். காசோலை வாங்க வேண்டிய அவசியமோ பொதுவான வாத்தியங்களோ வந்துவிட்ட குழு இனியும் தள்ளிப்போடக்கூடாது. பங்கு பிரித்துக்கொள்ளும் குழு இந்த வழிக்கே வர வேண்டாம்.

கலாசாரப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்துக் குழுக்களின் யாப்புகள் பெரும்பாலும் மரண உதவிச் சங்கத்தின் யாப்பையோ விளையாட்டுக் கழகத்தின் யாப்பையோ பார்த்து எழுதியவை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இறந்த அங்கத்தவர் குடும்பத்துக்குப் பந்தல் கொடுக்கும் வாசகத்தையும் அப்படியே விட்டிருப்பார்கள். வாத்தியங்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. இசை, நாடக, நடன மன்றங்களுக்கென்று நான்கு பக்கத்தில் ஒரு மாதிரி யாப்பைத் தமிழில் தயாரித்து, தேவையான ஆவணங்களின் பட்டியலோடு ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிடைக்கச் செய்யுங்கள். இந்த ஆண்டு நவராத்திரிக்கு முன் அது வெளிவந்தால், விழாக்காலத்தில் வரும் காசோலைகளைக் குழுக்கள் தங்கள் குழுவின் பெயரிலுள்ள கணக்கிலேயே வைப்பிலிட முடியும்.

இங்ஙனம்,
இசை மன்றங்களின் நலன்விரும்பி,
உவர்மலை, திருகோணமலை.