ஃபஸ்லுர் ரஹ்மான் கான் நினைவு மாலை: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

சிகாகோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நண்பர்களுக்கு வணக்கம்.

பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் பிறந்தநாளான ஏப்ரல் 3ஐ ஒட்டி நாம் கூடிய நினைவு மாலை மனம் நிறையும்படி நடந்தது. கேட்டவுடன் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகப் பொறுப்பாளருக்கும், நாற்காலி போட்ட மாணவர்களுக்கும், முதியவர்களைக் காரில் அழைத்துவந்து வீடுவரை கொண்டுவிட்ட தம்பிகளுக்கும் என் நன்றி. இந்த மடலை எழுதுவதற்கு முக்கியக் காரணம் வங்காளக் குடும்பங்கள் செய்த உதவி. அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் நமக்குத் தந்தது என்ன என்பது வர முடியாமல்போன தமிழ் நண்பர்களுக்கும் தெரிய வேண்டும்.

கட்டுமானப் பொறியியல் படித்தவர்களுக்குக் கானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1929இல் டாக்காவில் பிறந்தவர். 1952இல் உதவித்தொகை பெற்று இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுநிலைப் பட்டங்களையும் முனைவர் பட்டத்தையும் முடித்தவர். இடையில் தாயகமான பாகிஸ்தானுக்குத் திரும்பி (டாக்கா அப்போது அதன் கிழக்குப் பகுதியில் இருந்தது) கராச்சியில் அரசுப் பணியில் இருந்தார். 1960இல் மீண்டும் சிகாகோ வந்தார். அதன்பின் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடம், 110 மாடி சியர்ஸ் கோபுரம் (இன்றைய வில்லிஸ் கோபுரம்) என்று இந்த நகரத்தின் வானத்தையே மாற்றிவிட்டார். அவருக்குத் தாகூரின் பாடல்கள் உயிர் என்பதையும், அவற்றை அவரே பாடுவார் என்பதையும் எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் அன்று ஆர்மோனியத்துடன் வந்து பாடிய டாக்கா அம்மையார். அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! விழாவுக்கு முந்தைய வாரங்களில் நம் பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்து, பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளச் செய்து, 'அ' வரும் இடங்களில் 'ஒ' போல ஒலிக்க வேண்டும் என்று பொறுமையாகத் திருத்தினார். பாட்டுக்கு நடுவே ஊர்க் கதையும் சொன்னார். கான் அமெரிக்கா புறப்பட்ட அதே 1952இல்தான், பிப்ரவரி 21 அன்று, வங்காள மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்கள் டாக்காவில் சுடப்பட்டார்கள். 1967இல் பாகிஸ்தான் அரசு வானொலியில் தாகூர் பாடல்களுக்குத் தடை போட முனைந்தது, டாக்கா கொதித்தெழுந்தது. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர் மிச்சிகன் ஏரிக்கரையில் அந்தப் பாடல்களை விடாமல் பாடிக்கொண்டிருந்தார் என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் எண்ண முடியவில்லை.

1971இல் அது வெளிப்படையாகவே தெரிந்தது. அந்த மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் வெறியாட்டம் தொடங்கியபோது, சிகாகோவில் சியர்ஸ் கோபுரத்தின் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. ஒரு பொறியாளருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிடைக்காத வேலை அது. அதைச் செய்துகொண்டே கான் சிகாகோவில் வங்காளதேச நிவாரண அமைப்பைத் தொடங்கினார். ஆதரவு தேடி வாஷிங்டன் வரை போனார். அந்த நாட்களில் மாணவராக இருந்து தெருத்தெருவாக நிதி திரட்டிய பெரியவர், முழங்கால் வலியோடும் வந்து மேடையேறினார். உறைகளில் முகவரி எழுதியே விரல்கள் மரத்துப்போன இரவுகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஐயா, நீங்கள் பேசிய அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்த மாலையை நடத்தியிருக்கலாம்.

ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒன்பது சதுர அட்டைக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, இரண்டை 50ஆம் மாடி அளவிலும், இரண்டை 66இலும், மூன்றை 90இலும் வெட்டி, மிஞ்சிய இரண்டை மட்டும் உச்சிவரை விட்டார். பிள்ளைகள் கண்முன்னே சியர்ஸ் கோபுரம் நின்றது! தனிக் குழாயைத் தள்ளினால் சாய்கிறது, ஒன்பதும் சேர்ந்தால் அசைவதில்லை என்பதை அவர்கள் கையாலேயே தள்ளிப் பார்த்தார்கள். காற்றை எதிர்க்கும் வேலையைக் கட்டடத்தின் வெளிச்சுற்றிடம் ஒப்படைத்ததுதான் கானின் பெரிய கண்டுபிடிப்பு. எஃகும் அதனால் வெகுவாக மிச்சமாயிற்று.

தொழில்நுட்பம் அறிந்தவன் அதற்குள்ளேயே தொலைந்துவிடக் கூடாது, வாழ்க்கை என்பது கலை, நாடகம், இசை, எல்லாவற்றையும்விட மனிதர்கள் என்றார் கான். அவர் அப்படித்தான் வாழ்ந்தார் என்று அன்று மாலை நேரில் கண்டதுபோல உணர்ந்தேன்.

1982 மார்ச் 27 அன்று ஜித்தாவில் மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு 52 வயதுதான். அவர் அடக்கம் செய்யப்பட்ட சிகாகோ கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்த, விழா நாளன்று காலைக் குளிரிலும் மலர்களோடு வந்தவர்களை மறக்க மாட்டேன். கிச்சுரியும் (அரிசி-பருப்புச் சோறு) மிஷ்டி தோயும் (இனிப்புத் தயிர்) செய்து அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி; ஒரு பாத்திரம்கூட மிச்சத்தோடு திரும்பவில்லை.

செலவு போக மீந்த தொகையை, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். டாக்கா அம்மையார் ஞாயிறுதோறும் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியவர்களும் சேரலாம். விருப்பமுள்ளவர்கள் இந்த வார இறுதிக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
விழாக் குழுவின் சார்பில் ஒரு தமிழ்ப் பொறியாளர்